நான்காம் பாதை

குவெர்னவாகாவில் மூட்டை கட்டியவர்கள்
அகபுல்கோவில் கால் நனைப்பதற்குள்
நிறைய கைகளுக்குக் காசு தரவேண்டும்.
அதில் ஒரு கை என்னுடையது.

பெயர் ஒப்துலியா.
சட்டைப்பையில் தைத்திருக்கிறது.
யாரும் படித்ததில்லை, நேரமில்லை,
ஒரு காருக்கு ஏழு விநாடி,
லாரிக்கு அச்சை எண்ணவேண்டும், பதினொன்று.
"நல்ல பயணம்" என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.
'நல்ல' வண்டியோடு போய்விடும்.
'பயணம்' கூண்டுக்குள் என்னோடு கிடக்கும்.

கணக்குக் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
கூடினால் விசாரிப்பார்கள்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு
இரண்டு பழைய பேருந்துகள் வந்து குறுக்கே நின்றன.
இறங்கியவர்கள் முகத்தில் கைக்குட்டை.
எட்டு மாதச் சம்பளம் எங்கே என்று
படுக்கை விரிப்பில் எழுதிக் கட்டினார்கள்.
வாத்தியார்கள்தான். ஒரு பிழை இல்லை,
வரிகள் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக.

"கொஞ்சம் வெளியே இருங்கள், அம்மா" என்றான் ஒருவன்.
இருந்தோம்.
சூப்பர்வைசர் ரெமிகியோ கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்டு
தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டபடி இருந்தார்.
தடுப்புக் கம்பை ஷூ கயிற்றால் மேலே தூக்கிக் கட்டிவிட்டு
ஊறவைத்த மிளகாய் டப்பாவை நீட்டினார்கள்:
ஒத்துழைப்பு, ஐம்பது பெசோ.
எங்கள் கட்டணத்தில் பாதிகூட இல்லை.
சிரித்துக்கொண்டே போட்டார்கள் சிலர்.

அப்புறம் ஒருவன் வந்தான்,
கூரையில் அலைச்சறுக்குப் பலகை.
ஐம்பதைப் போட்டுவிட்டுக் கேட்டான்:
"ரசீது?
வழியில் இடித்துக்கொண்டால்
ரசீது இல்லாமல் இன்சூரன்ஸ் கிடையாதே."

முகமூடிப் பையன் டப்பாவைப் பார்த்தான்.
பிறகு எங்களைப் பார்த்தான்.
நாங்கள் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து
பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தோம்.

நான் ஏன் எழுந்தேன் என்று
விசாரணையிலும் கேட்டார்கள்.
தெரியவில்லை.
அவனுடைய வருகைப் பதிவேட்டில்
எழுதாத தாள் ஒன்றைக் கிழிக்கச் சொன்னேன்.
நான்காம் பாதை. 11.42.
கார் ஒன்று, அச்சு இரண்டு, பெசோ ஐம்பது.
கீழே என் பெயர்.

பின்னால் வந்த எல்லோருக்கும் வேண்டியிருந்தது.
நாலு மணிக்குள் இருநூற்று ஆறு தாள்.
காற்றில் ஆட்டி மை உலர்த்தினார்கள்.
குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி
வாய்விட்டுப் படித்தாள், ஒப்
து
லி
யா,
பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல்.

பொழுது சாய்ந்ததும் எண்ணினோம், அவனும் நானும்.
பத்தாயிரத்து முந்நூறு.
ஒரு பெசோ குறையவில்லை, கூடவில்லை.
பதினோரு வருஷத்தில் எனக்கு அப்படி ஒருநாள் இல்லை.
கயிற்றை அவிழ்த்து ஷூவில் கோத்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை
ரெமிகியோ மேஜைமேல் ஒரு தாளை வைத்தார்.
சில்பன்சிங்கோ தாண்டி ஒரு வளைவில்
யாரோ நிஜமாகவே இடித்திருக்கிறார்கள்.
"இது உன் கையெழுத்தா?"
ஆமாம்.
"இன்சூரன்ஸ்காரர்கள் சிரிக்கிறார்கள்."
எழுத்து கோணல் என்றா, என்று கேட்டேன்.
ஆறு நாள் சம்பளம் போனது.

திரும்ப உட்கார்ந்த முதல் வாரம், மாலை வெயில்
கண்ணாடியில் நேராக அடிக்கும் நேரம்,
ஒரு பழைய நிஸ்ஸான்.
முழுக் கட்டணம், எல்லாம் சில்லறை.
உள்ளங்கையில் வாங்கியதும் வினிகர் வாசம்.
மிளகாய்க் காரம் நகக்கண்ணில் ஏறியது.

நிமிர்ந்து பார்க்கவில்லை. கேமரா இருக்கிறது.
மிஷின் ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
"நல்ல" என்றேன்.
கம்பு ஏறிவிட்டது. வண்டி நகரவில்லை.
பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள்,
வரிசை பாலம்வரை நிற்கிறது,
அவன் கியர்மேல் கையை வைத்தபடி
இன்னும் காத்திருக்கிறான்.