மேல் துளை

சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் இருக்கிற பிளக் பொயின்றில்
மேல் துளையை ஒரு குளவி எடுத்துக்கொண்டது.
கீழிரண்டிலும் மின்சாரம். அதற்கு யார் சொன்னார்களோ.

வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், மண்ணுக்கு எங்கே போகும்?
காலிவீதிக்கும் கடலுக்கும் நடுவில் எல்லாம் கொங்கிறீற்.
இரண்டாம் நாள் கண்டுபிடித்தேன்:
சுகிர்தாவின் கறிவேப்பிலைச் சாடி,
அவள் தண்ணீர் ஊற்றிய பத்தாவது நிமிடம்.

பழைய லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி
கறுப்பு ரேப்பால் கமெராவில் சுற்றினேன்.
பிளாஷுக்கு முன்னால் ஐஸ்கிறீம் டப்பா மூடி.
இதற்குத் தெளிவு என்பது அரை மில்லிமீற்றர்.
கண்ணைப் பிடித்தால் இடுப்பு கரைகிறது,
இடுப்பைப் பிடித்தால் கால்கள் மஞ்சள் புகை,
மூச்சு விட்டால் எல்லாம் போச்சு.
கடற்கரைக் கோச்சி போகும்போது
குளவி அசையாது, சுவர் அசையும்.
ஐந்தரைக் கோச்சிக்கு நான் கமெராவைக் கீழே வைப்பேன்.

பச்சைப் புழு ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு
யன்னல் கம்பிக்குள்ளால் வந்தது.
பெரிதாக்கிப் பார்த்தேன்: புழு சாகவில்லை.
வாயருகே ஒரு கால் மட்டும்
யாரையோ கூப்பிடுவதுபோல மடிந்து மடிந்து விரிந்தது.
கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்பார்களே,
அதைச் சொன்னவரிடம் மேக்ரோ லென்ஸ் இருந்திருக்காது.

நான்காம் மாடிப் பேரின்பம் ரீச்சர்
சீனி திருப்பித் தர வந்தவர், குனிந்து பார்த்தார்.
"வீட்டுக்குள்ள குளவி கூடு கட்டினா
தொட்டில் கட்ட வேணும், தெரியுமோ?"
எனக்கு ஐம்பத்து நான்கு, அவளுக்கு ஐம்பத்தொன்று.
சுகிர்தாவுக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது, அவ்வளவு சிரிப்பு.
பிறகு அந்த ஒரு கோப்பையைக் கழுவ
நிறைய நேரம் எடுத்தாள்.

ஐந்து புழு. பிறகு மண்ணால் மூடி, அழுத்தி, போய்விட்டது.
திரும்பி வரவேயில்லை.
அயன் பெட்டி படுக்கையறைக்கு மாறியது.
மீற்றர் பார்க்க வந்த பியசிறி ஆணியை எடுத்துக்கொண்டு
குத்தி எடுத்துவிடவா மாத்தயா என்றான்.
என் சிங்களத்தில் குளவிக்குச் சொல் இருந்தது,
வேண்டாம் என்பதற்கும் இருந்தது,
ஏன் என்பதற்கு இருக்கவில்லை.
டெங்குப் புகை அடித்த அன்று
பிளக் பொயின்றின் மேல் ஈரத் துவாயைப் பிடித்துக்கொண்டு
நாங்கள் இருவரும் நின்றோம்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

இருபத்தாறாம் நாள் காலை மண்ணில் ஓட்டை.
விளிம்பில் முகம் துடைத்துக்கொண்டிருந்தது
குளவிதான். ஆனால் அந்தக் குளவியல்ல.
உடம்பு முழுக்கப் பச்சை, பச்சைக்குள் நீலம்,
நீலத்தின் வாலில் கொஞ்சம் செம்பு,
தையல் விரலுறைபோலக் குழி குழியாக.
ஆறு படம் எடுக்கத்தான் விட்டது.

குயிலின் வேலை. குளவியிலும் உண்டென்று
அன்றைக்குத்தான் அறிந்தேன்.

இரவு பழைய படங்களைத் தட்டினேன், ஆயிரத்துச் சொச்சம்.
நான்காம் நாளில் ஒன்று: குளவியின் கண் ஊசிமுனைத் தெளிவு.
நான் அதைப் பெரிதாக அச்சடித்து
ஃபிரிட்ஜில் ஒட்டியும் வைத்திருந்தேன்.
அதன் இடது மூலையில், தெளிவுக்கு வெளியே,
கசிந்த ஒரு பச்சைக் கறை.
குறிப்பேட்டில் என் கையெழுத்து:
'வாளியின் நிழல். மூலையை வெட்டலாம்.'
அந்த அறையில் வாளி வைத்ததேயில்லை.

சுகிர்தா ஃபிரிட்ஜிலிருந்து படத்தைக் கழற்றி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"பாவம்," என்றாள்.
எதை என்று நான் கேட்கவில்லை.
அதே காந்தத்தால் திரும்ப ஒட்டினாள், சற்று மேலே.

துளையில் மண் விளிம்பு இன்னும் இருக்கிறது.
என் சேர்ட்டுகள் இன்னும்
படுக்கையறையில்தான் அயன் ஆகின்றன.