வினையெச்சம்

சிம்மக்கல்லில், வங்கிக்கு மேல்மாடியில்
வரி விளம்பரம் வாங்கும் கடை என்னுடையது.
பதினைந்து சொல் வரை ஒரே கட்டணம்.
பதினாறிலிருந்து
சொல்லுக்கு இருபத்தைந்து ரூபாய்.

செவ்வாய்க்கிழமை மத்தியான வெயிலோடு
ஒச்சப்பன் படியேறி வந்தார்.
கீழமாசி வீதியில் பைப், மோட்டார் வியாபாரம்.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
ஒரே ஒரு ஆள்தாம்மா வேணும், என்றார்.

கணக்கு எழுதணும்.
எழுதிக்கொண்டேன்.
ஜிஎஸ்டி போடணும். சரி.
லோடு வந்தா எண்ணி இறக்கணும்.
மாட்டுத்தாவணியில போய்ப் பார்சல் எடுக்கணும்,
சொந்த வண்டி, பெட்ரோல் அவங்க பொறுப்பு.
வாட்ஸ்அப்புல போட்டோ போட்டு ஆர்டர் பிடிக்கணும்.
இந்தி பேசணும்,
ராஜ்கோட்காரன் போன் பண்ற அன்னைக்கு மட்டும்.
பாக்கிக்காரன் வாசல்ல
கோபப்படாம நிக்கணும்.
வயசு இருபத்திரண்டுக்குள்ள.
அனுபவம் அஞ்சு வருசம்.
சம்பளம் பன்னெண்டு.
பன்னெண்டாயிரம்னு போடு, பன்னெண்டுன்னா சிரிப்பாங்க.

எண்ணினேன். நாற்பத்தொன்று.
தொகையைச் சொன்னதும்
சேத்து எழுதினா ஒரே சொல்தான, என்று
என் பேனாவை வாங்கி அவரே எழுதினார்:

கணக்கெழுதிச்சரக்கிறக்கிப்பார்சலெடுத்துப்பாக்கிவசூலிக்க
ஆள் தேவை.

ஒற்று ஒன்றுகூடப் பிசகவில்லை.
பத்தாவதில் தமிழில் மட்டும் பாஸாம்.

எழுதி, இறக்கி, எடுத்து.
முடியாமல் நிற்கும் வினைக்கு எச்சம் என்று பெயர்,
எனக்கும் அந்த ஒரு பாடம் ஞாபகம் இருந்தது.
எழுதி, அப்புறம்?
இறக்கி, அப்புறம்?
எச்சம் கேட்டுக்கொண்டே இருக்கும்.
முற்று வந்தால்தான்
கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏற முடியும்.

இப்படி ஒரு ஆள் எங்கண்ணே இருக்கும்?
கேட்டது தப்பு.

இருந்துச்சே, என்றார்.
அப்போதுதான் உட்கார்ந்தார்.
ஏழு வருசம். பாண்டிமீனான்னு.
கணக்குக்குத்தான் வந்துச்சு.
மத்ததெல்லாம் அதுவா கத்துக்கிச்சு.
போன மாசம் பதினஞ்சு கேட்டுச்சு.
மின்விசிறியைப் பார்த்தார்.
வேகமா வைக்க முடியாதாம்மா இத?

ஞாயிறு விளம்பரம் வந்தது.
அந்த நீளச் சொல் வரிக்குள் அடங்காமல்
மூன்று இடத்தில் வெட்டியிருந்தார்கள்.
நாலு பேர் போன் செய்தார்கள்.
நாலு பேரும்
மொத்தம் எத்தனை ஆள் எடுக்குறீங்க என்று கேட்டார்களாம்.
அதற்கும் என்னோடுதான் சண்டை.

அடுத்த வியாழன் ஒரு பெண்.
ஹெல்மெட்டை மேசையில் கவிழ்த்து வைத்தாள்,
வேலை தேவைன்னு போடணும்க்கா.
பெயர் கேட்டேன்.
சொன்னாள். என் பேனா கொஞ்சம் நின்றது.

கணக்கர் வேலை தேவை.
அப்புறம் செல் நம்பர்.
அதோடு முடித்துக்கொண்டாள்.

பதினைந்து வரைக்கும் ஒரே காசும்மா,
வண்டி ஓட்டுவ, இந்தி வரும்,
அதையும் போட்டா என்ன?
வாய் தவறி வந்துவிட்டது.

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை
அவளும்தானே பார்த்திருப்பாள்.
அந்தச் சொல்லை வாய்விட்டுப் படித்திருப்பாளோ,
எந்த இடத்தில் மூச்சு விட்டிருப்பாளோ.

வேண்டாம்க்கா, என்றாள்.
தெரியும்னு எழுதினா செய்யச் சொல்லுவாங்க.

நாலு சொல்லுக்குப் பதினைந்து சொல்லின் காசு.
சில்லறை இல்லை. கொஞ்சம் இரும்மா, என்றேன்,
பையன் வந்துடுவான்.

ஜெராக்ஸ் எடுக்கச் சேர்ந்தவன், மருதையா.
டீ வாங்கப் போயிருந்தான்,
அப்படியே கரண்ட் பில் கட்டிவிட்டு,
அப்படியே
என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு.