நாற்பத்து மூன்று தோல்விகள்

நாங்குநேரி சுங்கச்சாவடியில்
மூன்றாம் வழித்தடம் என்னுடையது,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.
ஃபாஸ்டாக் வந்தபின் யாரும் என்னிடம் நிற்பதில்லை,
கணக்கில் காசு தீர்ந்த மீன்வண்டிகள் தவிர.
ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே
மூன்று நிமிடம், சில நேரம் பத்து.
அதில்தான் என் செஸ் படிப்பு.

ஆறு வருடமாக
ரேட்டிங் ஆயிரத்து அறுநூறைச் சுற்றியே நிற்கிறது,
கீழே போனால் ஏறும், மேலே போனால் இறங்கும்,
காலுக்குக் கயிறு கட்டிய கிடாய்போல.
அதுவரை தொடக்க ஆட்டங்களையே படித்தேன்.
சிசிலியனில் பதினெட்டு நகர்த்தல் தூக்கத்திலும் சொல்வேன்.
பாளையங்கோட்டைப் போட்டிகளில்
எதிரே உட்காரும் யாரும் அதைப் படித்ததில்லை.
மூன்றாவது நகர்த்தலிலேயே
குதிரையை ஓரத்துக்கு விட்டுவிட்டு
வாட்டர் பாட்டிலைத் திறப்பார்கள்.
பிறகு நானும் தனி, அவரும் தனி.

போன ஆனியில், காற்று
கூண்டுக் கண்ணாடியைப் பிடித்து உலுக்கிய ஒரு ராத்திரி,
தோற்ற ஆட்டத் தாள்களையெல்லாம் எடுத்துவந்தேன்.
நாற்பத்து மூன்று.
கம்ப்யூட்டரைக் கேட்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.
அது பதிலைச் சொல்லும்,
நான் எந்த இடத்தில் பார்ப்பதை நிறுத்தினேன் என்று சொல்லாது.
ஒவ்வொரு தாளின் ஓரத்திலும்
அன்றைக்கு என்ன நினைத்தேனோ அதை எழுதினேன்.
"ஜெயித்தாச்சு என்று நினைத்தேன்."
"அவன் சட்டை அழுக்கு, ஆடத் தெரியாது என்று நினைத்தேன்."
"பசி."

எண்ணிப் பார்த்தால்
தொடக்கத்தில் தோற்றவை இரண்டே இரண்டு.
மணி தீர்ந்து மூன்று.
கடைசியில் ராஜாவும் சிப்பாயும் மட்டும் நிற்கும்போது
தெரியாமல் கொடுத்தது ஒன்பது.
மிச்சம் இருபத்தொன்பதும்
கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனவை:
இங்கே ஒரு யானை, அங்கே ஒரு மந்திரி,
பஸ்ஸில் மறந்த குடைபோல.

அடுத்த கூண்டிலிருந்து சுயம்புலிங்கம் கேட்டான்,
"என்ன வே, கணக்கு இடிக்குதா?"
"இல்ல, சரியா வருது.
அதான் கஷ்டமா இருக்கு."

அன்றிலிருந்து இரண்டே வேலை.
எதிராளி எதை நகர்த்தினாலும்
கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
ஏன் இதை ஆடினான் என்று ஒருதரம் கேட்பது.
(பாதி நேரம் மறந்துபோகும்.
மறந்ததையும் எழுதிவைப்பது.)
இரண்டாவது, ஒற்றைச் சிப்பாயை மறிக்கும் ராஜா:
பின்வாங்கினால் நேராகப் பின்வாங்கு,
அந்த ராஜா முன்னேறினால் முகத்துக்கு நேரே நில்.
ரசீதுக் கட்டின் பின்பக்கம் கட்டம் போட்டு
இரண்டு மாதம் இதே.
லாரி ஹாரன் அடிக்கும், "அண்ணாச்சி, கேட்டு!"
காசை வாங்கி, தடுப்பைத் தூக்கி,
திரும்பி வந்தால்
யாருடைய முறை என்பது மறந்திருக்கும்.
மறுபடி முதலிலிருந்து.

ஆவணியில் பாளையங்கோட்டை, ஐந்தாம் சுற்று.
எதிரே மேலப்பாளையத்து மாணவி, சஃப்ரீன்,
என்னைவிட நூறு புள்ளி குறைவு.
முப்பத்தோராவது நகர்த்தலில்
கேட்க மறந்தேன்.
குதிரை போனது. முப்பதாவது தோல்வி என்று
வயிறு முதலில் சொன்னது.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து
ஒவ்வொன்றாக வெட்டுக் கொடுத்து வெட்டினேன்,
அவளுடைய கடைசிக் குதிரைக்கு
என் கடைசிச் சிப்பாய்கள் இரண்டு.
மண்டபத்தில் எங்கள் பலகை மட்டும் மிச்சம்.
அவளிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும்.
என்னிடம் ராஜா.

நேராகப் பின்வாங்கினேன்.
வந்தாள். எதிரே நின்றேன்.
சிப்பாயைத் தள்ளினாள். நேராகப் பின்வாங்கினேன்.
அவள் தன் கையைத்
தொடைக்கடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.
கடைசியில் எனக்கு
செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை.
டிரா.

அந்த டிராவுக்கு
என் ரேட்டிங்கில் மூன்று புள்ளி குறைந்தது.
சுயம்புலிங்கத்திடம் சொன்னால் நம்பவில்லை,
"நல்லா ஆடினா குறைப்பாங்களா?"

மணி மூன்றே கால்.
தூத்துக்குடி உப்பு லாரி ஒன்று
விளக்கைத் தாழ்த்தி வருகிறது.
தாளின் ஓரத்தில் எழுதுகிறேன்:
"31: கேட்கவில்லை. ஏன்?"
வண்டி நிற்கிறது.