ஏழாம் அறை

வேலந்தாவளம் தாண்டி முதல் வளைவில் எங்கள் இல்லம்.
ஏழாம் அறை வேலப்பன்குட்டிக்கு
ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி தொடங்கும்.
செக்போஸ்ட்டை எடுத்து வருசக்கணக்காச்சு.
சொன்னாலும் அவரிடம் தங்காது.

மாராத்தாள் கழிவறை தேடி வருவாள்
தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.
"லோடு எந்தா?"
அவளுக்குப் பதில் வராது.
மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவார்.

முதல் தடவை
'கட்டிலில் இடித்துக்கொண்டார்' என்று
பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன். என் கையெழுத்து
நன்றாகவே இருந்தது.

இரண்டாம் தடவை கண்ணுக்குக் கீழே,
நாவல்பழ நிறத்தில்.
நடந்ததை எழுதினேன்.
"அவரைக் கட்டிப்போடு" என்றார் மேனேஜர்.
கட்டவில்லை. அவருக்கும் பயம்தான்,
ஏதோ ஒரு லாரி நிற்காமல் போய்விடுமோ என்று.

ரசீதுப் புத்தகம் வாங்கி
பர்மிட் எழுதி அவள் ரவிக்கையில் ஊக்கால் குத்தினேன்:
தலையணை, ஒன்று. போகலாம்.
மூன்று இரவு சல்யூட் அடித்து விட்டார்.
நாலாம் இரவு
"சீல் இல்லை" என்று கிழித்தார்.

இப்போது என் பாய்
ஏழாம் அறை வாசலுக்குக் குறுக்கே.
என் முழங்காலை மிதித்து நிற்கிறார்.
"வண்டி நம்பர்?"
எழுந்து உட்கார்ந்து சொல்கிறேன்,
ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது,
சுவரைத் தடவித் தடவி
அவள் போய்த் திரும்பும் வரை.