பதினேழு கிலோ நானூறு

முக்கூடலில் முதல்தடவை
கையை நான் பிடித்தேன், காலைக் கம்பவுண்டர்.
பல் வரவில்லை.
டாக்டரின் கட்டைவிரல்தான்
பல்தடத்தோடு வெளியே வந்தது.

அதிலிருந்து குளிக்கக் கூப்பிட்டாலும்
இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு
சுவரோடு ஒட்டுகிறான் இசக்கிராஜா.

இப்போது வண்ணார்பேட்டை, செல்போன் கடைக்கு மேல் மாடி.
டாக்டர் பெனாசிர் காகிதத்தில் மூன்று கோடு இழுத்தார்.
'மூக்குல வைக்கிற வாயு ஒண்ணு,
அவனா மூச்சு இழுக்கணும்.
குடிக்கிற மருந்து ஒண்ணு. தூங்கமாட்டான், மிதப்பான்,
கூப்பிட்டா "ம்" கொட்டுவான்.
ரெண்டும் சரிவரலேன்னா ஹைகிரவுண்டு, முழு மயக்கம்.'

வாயு மூடிக்கு ஸ்ட்ராபெரி வாசனையாம்.
அது முகத்துக்குப் பக்கத்தில் வந்ததும்
பிள்ளை வாட்டர்கேனுக்குப் பின்னால்.

ஆகவே வியாழக்கிழமை, மருந்து.
ராத்திரிச் சோற்றோடு சரி.
ஆறரை பஸ்ஸில் வெறும் வயிறு.
ஜங்ஷன் தாண்டும்போது பூரி வாசனை ஜன்னல்வழி ஏறியது.
அவன் அழுதான். நான் டிக்கெட்டைப் படித்தேன்.

தராசில் நிறுத்தினார்கள். பதினேழு கிலோ நானூறு.
அரிசிக் கடையில் எடைபோடுகிறவன் நான்,
நூறு கிராமுக்கு வரும் சண்டை தெரியும்.
நர்ஸ் சொல்ல, பெனாசிர் சொல்ல,
மயக்க டாக்டர் ஜெபசிங் மறுபடி சொல்ல,
மூன்று வாயில் என் மகனின் எடை.

கசப்பு.
என்னைப் பார்த்தபடியே விழுங்கினான்.

அரைமணி.
விரலில் சிவப்பு வெளிச்சம் கவ்வியிருந்தது.
'அப்பா, ஃபேன் நீந்துது.'
அப்புறம், 'ஃபேனுக்குப் பல்லு உண்டால?'
என்னையே 'ல' போட்டான்.

'இனி நடக்கது எதுவும் இவனுக்கு ஞாபகம் இருக்காது' என்றார் டாக்டர்.
'முக்கூடல்ல நடந்ததும் மறந்திருமா?'
கையுறை போடுவதை நிறுத்தினார்.
'இல்ல அண்ணாச்சி.
குடிச்சதுக்குப் பெறவு உள்ளதுதான்.
முன்னால உள்ளதுக்கு எட்டாது.'

ஊசியும் அந்தச் சத்தமும்
பக்கத்து வீட்டு ரேடியோபோல அவனுக்கு நடந்தன.
'ஆ' என்றால் 'ஆ' காட்டினான்.
நான் பிடிக்கவில்லை.
என் கை சும்மா கட்டில் ஓரத்தில் கிடந்தது.
அதன்மேல் அவன் கை வந்து விழுந்தது,
உள்ளங்கை வானம் பார்க்க.
மருந்தா, மகனா,
நான் கேட்கவில்லை.

பத்தரைக்குத் தெளிந்தவன்
பஞ்சைக் கடித்தபடி கேட்டான்:
'எப்பப்பா புடுங்குவாங்க?'

ஒரு கை அக்குளுக்குத் திரும்பியிருந்தது.
இன்னொன்று
ஜங்ஷன் பக்கம் காட்டி
பூரி கேட்டது.