கடைசி வரிசை

நகரி மண்டல வள மையத்தில் மூன்று நாள் பயிற்சி.
மொழி ஆசிரியர்கள் முப்பத்தொரு பேர்.
தெலுங்குக்கு இருபது, இந்திக்கு எட்டு,
தமிழுக்கு நாங்கள் மூவர்,
ஜன்னலோரம்.

திருப்பதியிலிருந்து வந்த சுப்பராயுடு சார்
பலகையில் ஏழு குறிப்புகள் எழுதினார்.
குரலைக் கடைசி வரிசைக்கு எறியுங்கள்.
கையைக் கட்டாதீர்கள்.
முக்கியமான சொல்லுக்கு முன்னால்
மூன்று நொடி மௌனம்.

மௌனமா?
ஏகாம்பரகுப்பத்தில் என் வகுப்புச் சுவருக்கு
அந்தப் பக்கம் நாற்பது விசைத்தறி.
ஒன்பது மணிக்கு நான் வாயைத் திறக்கும்போது
அவையும் திறக்கும்.
பதினாறு வருடமாக வினைத்தொகையைக்
கத்தித்தான் விளக்குகிறேன்.
தலைவி தோழியிடம் ரகசியம் சொல்வதையும்
மூன்றாம் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான்.

எங்கள் ஊரில் மௌனம் என்றால்
கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.
அந்த நொடியில் யார் எதைக் கத்திக்கொண்டிருந்தாரோ
அது ஊருக்கே பொதுச்சொத்து.
ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டேன்:
"உடம்படுமெய்!"
பால்காரர் சைக்கிளை ஊன்றி
ஜன்னலில் தலை நீட்டினார்:
"உடம்புக்கு என்னம்மா?"

பின்னாலேயே தறி ஆட்கள் வெளியே வந்து
வானத்தைப் பார்த்து நிற்பார்கள்.
மீட்டருக்குக் கூலி வாங்குகிறவர்கள்.
மௌனம் அழகு என்று
அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் ஆளுக்கு நான்கு நிமிடம்.
ராஜ்யலட்சுமி மேடம் பத்யம் பாடிக் கைதட்டு வாங்கினார்.
மெஹருன்னிசா சிரிக்க வைத்தார்.
அடுத்து நான்.
வகுப்பில் ஒருநாளும் ஆடாத முழங்கால் ஆடியது.
பிள்ளைகள் தவறைக் கேட்டால் சிரிப்பார்கள்.
இந்த முப்பது பேர்
சிவப்பு மையில் கேட்கிறவர்கள்.

இரண்டு வாக்கியம் சொன்னேன்.
மைக் செத்தது.
பக்கத்து ஜெராக்ஸ் கடையில்
ஜெனரேட்டரை இழுத்துவிட்டார்கள்.
டட்டட டட்டட டட்டட.
சுப்பராயுடு சார் உள்ளங்கையை மேலே மேலே தூக்கினார்:
இன்னும் சத்தமாக, இன்னும்.

கத்தியிருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது.
ஆனால் கதவருகே
டீத்தட்டோடு பச்சையம்மா நின்றிருந்தாள்.
சத்துணவுக்கு வருமுன் தறியில் இருந்தவள்.
தறிக்காரர்கள் காதால் பேசுவதில்லை.
உதட்டைப் படிப்பார்கள்.
என் பிள்ளைகளும் அப்படித்தான்,
வீட்டில் படித்த முதல் எழுத்து அது.

குரலை அணைத்தேன்.
உதட்டை மட்டும் அசைத்தேன்:
பச்சையம்மா, டீயில் சர்க்கரை கம்மி.

முப்பது தலைகளுக்கு மேலே
அவள் உதடு பதில் சொன்னது:
உங்க சார் வாங்கித் தந்ததே அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.
முன்வரிசை திரும்பிப் பார்த்தது,
பிறகு என்னை, பிறகு தன் கோப்பையை.
முழங்கால் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

மீதி நிமிடங்களுக்குப் பலகையில் எழுதினேன்:
பாட்டு, மாட்டு.
இரண்டையும் சத்தமில்லாமல் சொன்னேன்.
எது எது என்று கேட்டேன்.
யாருக்கும் தெரியவில்லை. உதட்டுக்கு இரண்டும் ஒன்று.
ழகரமும் ளகரமும் உள்ளேயே ஒளிந்துகொள்ளும்,
அதற்கு நாக்கைக் காட்ட வேண்டும்.
காட்டினேன், நான்கு பக்கமும் திரும்பி,
டாக்டரிடம் காட்டுகிற மாதிரி.
இந்தி சார்கள் எட்டுப் பேரும்
வாயைத் திறந்து மடித்துப் பார்த்தார்கள்.
ராஜ்யலட்சுமி மேடம் முந்தானையால் மறைத்துக்கொண்டு.

மதிப்பெண் தாள் மாலையில் வந்தது.
குரல்: பத்துக்கு இரண்டு.
கை அசைவு: ஐந்து.
மௌனம்: ஒன்பது,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

கடைசி வரிசைக்கு எட்டியதா என்ற கட்டத்தில்
சார் ஏதோ எழுதி அடித்திருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் பச்சையம்மாவைப் பார்த்தேன்.
சாலைக்கு எதிர்ப்பக்கம்,
நடுவே புத்தூர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.
உதட்டை அசைத்தாள்.
நாளைக்கு வருவேன் என்றாளா
நாளைக்குத் தருவேன் என்றாளா,
சர்க்கரையா சம்பளமா,
பஸ் மறைத்துவிட்டது.