ஒன்பது மீட்டர்

ஐந்து நாற்பதுக்குப் பேட்டரி தீர்ந்தது.
இடக்கை ஒளிக்கோல் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு
வெறும் ஆரஞ்சுக் குழாயானது.

சிகாகோவில் ஜனவரி.
ஏரிக்காற்று காதுமூடிக்குள் புகுந்து
ஏதோ கேட்கும். வாயைத் திறந்தால் பல் கூசும்.

மூன்று பேர் நின்றால்தான்
விமானம் வாசலுக்குள் வரலாம்.
மூக்குக்கு நேரே மார்வெட்.
இடச்சிறகுக்கு லூட்சியான்.
வலச்சிறகுக்கு நான்.
ஓடிப்போய் வந்துவிடுகிறேன் என்றேன்.
யாரும் ஓடக்கூடாத இடம் அது, பலகையே உண்டு.
நடந்துதான் போனேன்.

டுலூத்திலிருந்து ஐம்பது பேரோடு வந்த சின்ன விமானம்
நான் இல்லாததால் நின்றுகொண்டது,
பாதி உள்ளே வந்துவிட்டு
செருப்பைக் கழற்றலாமா என்று யோசிக்கும் விருந்தாளியாக.
வால் மட்டும் வெளியே, பொதுவழியில்.

அந்த வழியில் லிஸ்பனுக்குப் புறப்பட்ட பெரியது வந்தது.
வானத்தில் எப்படியோ,
தரையில் அது
நீள ஏணியைத் தோளில் வைத்துச் சந்துக்குள் நடப்பவன்.
கண் முன்னே இருக்கிறது.
பின்முனை யார் தலையில் இடிக்கும் என்று
அவனுக்கு எப்படித் தெரியும்?

விமானி அறையிலிருந்து பார்த்தால்
சொந்தச் சிறகின் நுனி தெரியாது.
முப்பத்தொன்று ஏ-யில் இருந்தவருக்குத் தெரிந்தது.
ஹென்ரீகா என்று பெயர். பிறகு சொன்னாராம்:
"அது நெருங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அவ்வளவு மெதுவாக.
மணியை அழுத்தினேன்.
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்."

எனக்குச் சத்தம்தான் கேட்டது.
கையில் இரண்டு புதுப் பேட்டரி.
காலித் தகர டப்பாவை யாரோ மிதித்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் போன சத்தம்.
காயம் யாருக்கும் இல்லை. ஒருவர் மடியில் காபி.
சின்னதன் வாலில் ஒரு தகடு மடிந்து தொங்கியது.
பெரியதன் சிறகு நுனி கீழே கிடந்தது,
எங்கள் சாப்பாட்டு மேசை அளவு.
அதற்குள் அதன்மேல் பனி விழத் தொடங்கியிருந்தது.

விசாரிக்க வந்த ஹால்வர்சன் அம்மையார்
அளவு நாடாவோடு மண்டியிட்டார்.
வால் ஒன்பது மீட்டர் வெளியே, என்றார்.
பிறகு, யாரிடமும் இல்லாமல்:
திரும்பும்போது சிறகு வளரும்.
தொழிலில் அப்படித்தான் சொல்வார்களாம்.
பின்னால் சாய்ந்த சிறகு வளைவில்
தன் தடத்தை மீறி வெளியே வீசும்.
கோட்டில் போனவர் கோட்டில்தான் போனார்.
நின்றவர் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார்.
கோபுரத்துக்காரர் தவறாக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

படிவத்தில் கட்டைவிரல் அளவு ஒரு கட்டம்:
சம்பவ நேரத்தில் நீங்கள் எங்கே?
பேட்டரி எடுக்க, என்று எழுதினேன்.
இடம் மிஞ்சியது.

நீ இருந்திருந்தாலும், என்று தொடங்கினான் லூட்சியான்.
முடிக்கவில்லை.
நல்லவன். பொய் சொல்ல வராது.

விடிகாலை ரயிலில் நிற்க மட்டும் இடம்.
உங்கள் பையில் ஏதோ எரிகிறது, என்றார் பின்னால் ஒரு பெண்.
கோல். அணைக்க மறந்திருக்கிறேன்.
பார்க்கத் திரும்பினேன்.
முதுகுப்பை வீசி அவர் தொப்பியைத் தட்டிவிட்டது.

பரவாயில்லை, என்றார்.
தொப்பி என் காலடியில்தான் கிடந்தது.
நான் குனியவில்லை.
குனிய வேண்டுமென்றால்
முதலில் இன்னும் கொஞ்சம்
திரும்ப வேண்டும்.